வாசப்படி வெளியில் சேர்த்தி இல்லை

“வீட்டுல யாராச்சும் சிகரெட், பீடி பிடிக்கிறாங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டபோது என் வீட்டுக்காரர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். “அவர் வெளியிலதான் சார் பிடிப்பாரு” என்றேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு பதிலை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடமும், ஒரு பவுன் செயினும், கணக்கில்லாத ராத்திரித் தூக்கமும் மிஞ்சியிருக்கும். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வெளியில் என்றால் வாசப்படி. அவர் வாசப்படியில் உட்கார்ந்து காலை வெளியே நீட்டிக்கொண்டு பிடிப்பார். முதுகு வீட்டுக்குள் இருக்கும். அந்த முதுகுக்கு மூன்றடி தள்ளிப் பாப்பா பாயில் தூங்கிக்கொண்டிருப்பாள்.

எங்களுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். பிழைக்க வந்தது திருப்பூர். எட்டு வீடு உள்ள காம்பவுண்டில் எங்களுடையது நாலாவது வீடு. ஒரு ரூம், அதை ஒட்டி ஆள் திரும்ப இடமில்லாத சமையல்கட்டு, ஒரே ஜன்னல். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். அவர் பழைய ஆம்னி வேன் ஒன்றை ஃபைனான்ஸில் எடுத்து, காலையும் ராத்திரியும் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிறார். மாமனார், மாமியார், ஏழு வயதுப் பையன், மூன்று வயதுப் பாப்பா என்று மொத்தம் ஆறு பேர். அவருக்கு சிகரெட், மாமாவுக்குப் பீடி. மாமா காலை நாலரைக்கு எழுந்து பாயில் உட்கார்ந்தபடியே முதல் பீடியைப் பிடிப்பார். அது உள்ளே போனால்தான் வயிறு இளகும் என்பார். பகலில் பீடியைப் பேரனிடம் கொடுத்து அடுப்பில் பற்றவைத்து வரச் சொல்வார். பையன் நுனியைத் தீயில் காட்டி, இரண்டு தரம் ஊதிக் கங்கு பிடிக்கவைத்து, பத்திரமாகக் கொண்டுவந்து கொடுப்பான். “சமத்து” என்று மாமா அவன் தலையைத் தடவுவார். எனக்கு அது தப்பாகவே படவில்லை. என் அப்பாவுக்கு நானும் அப்படிப் பற்றவைத்துக் கொடுத்தவள்தான்.

2022 ஐப்பசி மழையில் பாப்பாவுக்குச் சளி பிடித்தது. போகவில்லை. பதினைந்து நாளில் சளி இருமலாகி, ராத்திரியில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அத்தை கற்பூரவல்லிச் சாறு கொடுத்தார். மந்திரித்துக் கயிறு கட்டினோம். பிறகு பக்கத்துத் தெரு கிளினிக். டானிக், ஆன்டிபயாடிக், பத்து நாள் தேவலை, மறுபடியும் இருமல். மூன்றாம் வீட்டு அக்கா, “பிள்ளை எடை ஏறவே மாட்டேங்குது, ப்ரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கும்” என்றார். பிள்ளைகளுக்கு வரும் டி.பி.யைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஊசி போட்டுப் பார்க்கும் டெஸ்ட், எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்தோம். 1,600 ரூபாய். ஒன்றும் இல்லை என்று வந்தது. இன்னொரு டாக்டர் வீசிங் என்றார், மாஸ்க் வைத்த குழாயில் பஃப் கொடுக்கச் சொன்னார். பஃப் பழகினால் ஆயுசுக்கும் விடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அதை வாங்கவே இல்லை. சிரப்பே போதும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த சிரப் கொடுத்தால் பாப்பாவின் விரல்கள் நடுங்கும். பென்சில் பிடிக்கத் தெரியாத பிள்ளை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த வேளை மருந்தையும் கொடுத்தேன். இதில் என் முட்டாள்தனத்துக்கு வேறு யாரும் பங்காளி இல்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருடத்தில் நான்கு டாக்டர்களிடம் போயிருக்கிறேன். வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று கேட்டது ஒருவர்தான், அவருக்கும் நான் சொன்ன பதில் மேலே இருக்கிறது. கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆகவே கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். “ஒரே ரூம் சார், ரெண்டு பேர் பிடிக்கிறாங்க, கதவுகிட்ட உட்கார்ந்துதான்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். வீட்டுக்காரர் எதிரில் சொல்ல வாய் வரவில்லை என்றால், மருந்து எப்படிக் கொடுப்பது என்று நர்சிடம் கேட்கப் போகும் சாக்கில் தனியாகச் சொல்லுங்கள். இருமல் எந்த நேரத்தில் கூடுகிறது என்று ஒரு வாரம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனாலே நிறையத் தெரியும். நான் பின்னால் எழுதிப் பார்த்தேன். பாப்பாவுக்கு ராத்திரி பத்தரைக்கு ஒரு தரம், விடியற்காலை ஐந்துக்கு ஒரு தரம். வேன் நிறுத்திவிட்டு அவர் வருவது பத்து மணி. மாமாவின் பீடி நாலரை.

2024 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பதுக்கு வேன் எடுத்தோம். மார்கழிக் குளிர். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. டிரைவர் பக்கம் மட்டும் நாலு விரல்கடை இறக்கி அவர் சிகரெட் பிடித்தார். முன்சீட்டில் மாமா பீடி. தாராபுரம் தாண்டுவதற்குள் அவர் மூன்று முடித்திருந்தார். தூக்கம் வராமல் இருக்க அவருக்கு வேறு வழி இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஓடுகிற வண்டியில் முன்னால் கண்ணாடியை இறக்கிவிட்டால் புகை போய்விடும் என்று எல்லோரும் நம்புகிறோம். பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். போகிற புகையில் பாதி பின்னால்தான் வருகிறது. பாப்பா முதலில் இருமினாள், பிறகு இருமவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கள்ளிமந்தயம் பக்கம் ஒரு டீக்கடை வெளிச்சத்தில் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிந்து போகிறது. தொண்டைக்குழி கிணறு மாதிரி இறங்குகிறது. வயிறு மட்டும் தனியாகத் துடிக்கிறது. “பாப்பா” என்றால் கண்ணைத் திறக்கிறாள், வாயைத் திறந்து பேச முடியவில்லை.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆக்சிஜன் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று தரம் நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். விடியும்போதுதான் விலா குழிவது நின்றது. டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். ஸ்டெத்தாஸ்கோப்பை முதுகில் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்று, பாப்பாவின் தலைமுடியை மோந்து பார்த்தார். “குழந்தை முடியில சிகரெட் வாசம் வருதும்மா” என்றார். அன்று சாயங்காலம்தான் அந்த முடிக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, கனகாம்பரம் வைத்துவிட்டிருந்தேன். எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. டாக்டர் மேல் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த டாக்டர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். இழுத்து விடும் புகையைவிட, விரலிடுக்கில் சும்மா எரியும் நுனியிலிருந்து வரும் புகைதான் மோசம் என்றார். பெரியவர்கள் நிமிடத்துக்குப் பதினைந்து தரம் மூச்சு விட்டால் இந்த வயதுப் பிள்ளை இருபத்தைந்து முப்பது தரம் விடும், அதே ரூமில் அது தன் உடம்பு அளவுக்கு உங்களைவிட அதிகம் இழுக்கிறது என்றார். புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அதில் 70 வரை புற்றுநோய் தருபவை, இவ்வளவு புகை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது, ஜன்னலைத் திறந்தாலும் ஃபேன் போட்டாலும் தீராது என்றார். பையனுக்கு அடிக்கடி காதில் சீழ் வருவதைச் சொன்னேன். வீட்டுப் புகைக்கும் குழந்தைகளின் காது நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இரண்டு நாள், 14,300 ரூபாய். கையில் இருந்த பொங்கல் காசு முழுதும் போய், மிச்சத்துக்கு என் அண்ணன் வந்து கட்டினான்.

திரும்பி வந்ததும் நான் செய்தது எல்லாம் தப்பு. “இன்னையோட விட்டுடுங்க” என்று தினமும் ஒரே பேச்சு. ஒருநாள் மாமாவின் பீடிக் கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். இவர் சட்டைப் பையைத் துழாவினேன். ராத்திரி வண்டி நிறுத்திவிட்டுக் களைத்து வருகிற மனுஷனிடம் சோறு போடும்முன் சண்டை போட்டேன். அவர் வெளியில் சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார். அத்தை, “குடும்பத்தைச் சுமக்கிறவன் ரெண்டு இழுப்பு இழுத்தா குத்தமா? நான் இவனைப் பெத்து வளர்த்ததும் இந்தப் புகைக்குள்ளதான்” என்றார். என் அம்மாவிடம் சொன்னால், “பொறுத்துப் போ” என்றாள். கம்பெனியில் சொன்னால் சிரித்தார்கள். புருஷன் குடிக்கிறான், அடிக்கிறான் என்றால் கேட்பதற்கு நாலு பேர் வருவார்கள். சிகரெட் பிடிக்கிறான் என்று அழுதால் யார் வருவார்? பிப்ரவரியில் பாப்பாவுக்கு மறுபடி இழுத்து, திருப்பூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் 9,400. அதற்குத்தான் செயின் அடகுக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் அப்படியே முழுகியும் போனது.

அந்தச் சண்டைகளில் ஒன்றில்தான் அவர் திருப்பிக் கேட்டார்: “நான் பிடிக்கிறது மட்டும்தான் புகையா? நீ ராத்திரி பூரா கொளுத்தி வைக்கிற கொசுவத்தி என்ன? தலைக்குக் குளிப்பாட்டிட்டு சாம்பிராணி போட்டுப் பிள்ளையை அதுக்கு மேல கவுக்கிறியே, அது என்ன?” வாதத்துக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனில் தேடிப் படித்தேன். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, பாப்பாவின் தலைமாட்டில் நான் தினமும் அதை ஏற்றிவைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் 350 ரூபாய்க்குக் கொசுவலை வாங்கினேன். சாம்பிராணிக் கரண்டியைப் பரணில் போட்டேன். ராத்திரி அவர் வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, “நீங்க சொன்னது சரிதான். நான் கொசுவத்தியை விட்டுட்டேன், சாம்பிராணியும் இனிமே இல்ல. நீங்க சிகரெட்டை விட வேண்டாம். வீட்டுக்குள்ளயும் வேனுக்குள்ளயும் மட்டும் வேண்டாம்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் எழுந்து வாசப்படியைத் தாண்டிப் போய், காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நின்று பிடித்துவிட்டு வந்தார்.

எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியது இதைத்தான். விடு என்று சொன்னால் அது அவர் மனசு, அவர் பழக்கம், அவர் கௌரவம். அதற்குள் நாம் கையை விட முடியாது. இங்கே வேண்டாம் என்றால் அது இடத்தைப் பற்றிய பேச்சு. செருப்பை வெளியே விடு என்பது மாதிரி. செருப்பை வெளியே விடச் சொன்னால் யாருக்கும் கௌரவம் குறைவதில்லை. வருகிற விருந்தாளிக்கும், மச்சானுக்கும், ஹவுஸ் ஓனருக்கும் ஒரே விதி. நேரம் பார்த்துப் பேசுங்கள். பசியில், களைப்பில், சிகரெட்டுக்குக் கை பரபரக்கும் நேரத்தில், அத்தை எதிரில், இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்குப் பிறகு எங்கள் வீட்டில் எதையும் பேசலாம்.

மாமாவை நகர்த்தத்தான் பெரும்பாடு. அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, விடியற்காலை நாலரை மணி இருட்டு. வெளியே போங்கள் என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வது? அவரைத் துரத்துகிற மாதிரி இருக்கக் கூடாது என்று யோசித்து, காம்பவுண்டு மூலையில் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் மணல் போட்டு வைத்தேன், துண்டுகளைப் போட. மழைக்கு மேலே ஒரு தார்பாலின் கட்டினோம், 280 ரூபாய். நாலரைக்கு நானே எழுந்து கருப்பட்டிக் காபி போட்டு, “மாமா, காபி அங்க வச்சிருக்கேன்” என்பேன். காபி நாற்காலிக்குப் போகும், பின்னால் மாமாவும் போவார். முதல் பத்து நாளில் நாலு நாள் கோபித்துக்கொண்டு உள்ளேயே பிடித்தார். நான் ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். குளிரில் பேத்தி நடுங்குவதைப் பார்த்து அத்தைதான் கடைசியில் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போலீஸ்காரர் அத்தையே. இப்போது ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு என் வாயால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில இருக்கின்றன. பிடித்துவிட்டு வந்ததும் நேராகப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. சட்டையிலும் விரலிலும் தாடியிலும் ஒட்டியிருப்பதும் பிள்ளைக்குப் போகும். வாசலில் ஒரு ஆணியில் பழைய சட்டை ஒன்று தொங்குகிறது. சிகரெட்டுக்குப் போகும்போது அதை மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து கழற்றிவிட்டுக் கை கழுவ வேண்டும். கக்கூஸில் பிடிப்பதும் உள்ளே பிடிப்பதுதான். எங்களுடையது எட்டு வீட்டுக்கும் பொதுவான இரண்டு கக்கூஸ். அங்கே பிடித்துவிட்டு வந்தால் அடுத்து போவது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. பையனிடம் பீடி பற்றவைக்கவும் கடைக்குப் போய் வாங்கவும் சொல்லக் கூடாது என்றேன். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்பதே சட்டப்படி குற்றம், ஆனால் தாத்தாவுக்கு என்றால் எங்கள் தெருப் பொட்டிக்கடையில் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரரிடம் நானே போய், “பையன் வந்தா குடுக்காதீங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமாவுக்கு இதில்தான் ரொம்ப வருத்தம். பேரன் கையால் வாங்குவதில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. இப்போது பேரன் காபி டம்ளரை எடுத்துவரப் போகிறான், அவர் பீடியை அணைத்த பிறகு.

வேனைக் கழுவிய நாளை மறக்க முடியாது. கண்ணாடி உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீர் நனைத்த வெள்ளைப் பனியன் துணியால் துடைத்தேன். (திருப்பூரில் துணிக்குப் பஞ்சம் இல்லை.) துணி டீ டிகாஷன் நிறத்துக்கு வந்தது. மேல்கூரை மஞ்சளாக இருந்தது அந்த வேனின் நிறம் என்றே நான் நினைத்திருந்தேன். துடைத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தபோது இவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்து துணியை வாங்கி மீதியைத் துடைத்தார். சீட் கவரை இரண்டு தரம் துவைத்தும் வாசம் முழுதாகப் போகவில்லை. கடைசியில் கவரை மாற்றினோம். சாம்பல் தட்டும் டப்பாவில் இப்போது புளிப்பு மிட்டாயும் சோம்பும் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, தள்ளிப் போய்ப் பிடித்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவார். தேனி போய்ச் சேர முக்கால் மணி நேரம் அதிகம் ஆகிறது, அவ்வளவுதான். ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த நடை தூக்கத்துக்கும் நல்லது.

அந்த வேனில் தினமும் பத்துப் பெண்கள் ஏறுகிறார்கள். அதில் ஒருத்தி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். ஒருநாள்கூட அவள் வாயைத் திறக்கவில்லை, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். 2003 புகையிலைச் சட்டமும், 2008 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை போட்டிருக்கின்றன, 200 ரூபாய் வரை அபராதம், ஆள் ஏற்றும் வாகனமும் அதில் அடக்கம். இது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீட்டுக்குள் பிடிப்பதற்கும் சொந்தக் காரில் பிள்ளையை வைத்துக்கொண்டு பிடிப்பதற்கும் நம் ஊரில் சட்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் உள்ளே இருந்தால் காரில் பிடிக்கக் கூடாது. நம்மிடம் அப்படி வந்தாலும் என் வீட்டுக்குள் வந்து பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை, அது வேறு.

விடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலும் வேனிலும் இல்லை என்று ஆனதும் ஒரு நாளைக்கு ஆறு என்பது தானாகவே நாலாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கு வெளியே நடக்கச் சோம்பல். ஜூனில் ஒருநாள் அவராகவே நம்பர் கேட்டார். 1800-11-2356. காசில்லாத எண், தமிழிலும் பேசுகிறார்கள், புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு அரசு நடத்துவது. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் இவர் வாழ்க்கையில் பாக்கெட் வாங்கியதே இல்லை. கடையில் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான். அந்த எண்ணும், அந்தப் படமும், எச்சரிக்கையும் எங்களை மாதிரி ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை. போனில் பேசிய பெண்மணி திட்டவில்லை என்பதே இவருக்கு ஆச்சரியம். ஒரு நாள் குறித்து, மூன்றாம் நாள்தான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும், தாண்டினால் குறையும் என்று சொல்லி, அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று நாள் இருந்தார். அந்த நாட்களில் அவர் பேசிய பேச்சுக்கு நான் பதில் பேசாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு பதக்கம் கொடுக்க வேண்டும். பிறகு வேன் இன்ஜின் வேலை வைத்து, ஃபைனான்ஸ்காரன் வந்து நின்ற அன்று மறுபடி ஒன்று பற்றவைத்தார். ஆனால் அன்றும் கேட்டுக்கு வெளியில்தான். இப்போது நாளைக்கு ஒன்றோ இரண்டோ. மறுபடி முயற்சி செய்யப் போவதாகச் சொல்கிறார். நான் தேதி கேட்பதில்லை.

ஒரு ராத்திரி பையனின் பழைய நோட்டில் கணக்கு எழுதினேன். கிளினிக், மருந்து 9,100. டெஸ்ட் 1,600. வீட்டுக்கு வாங்கிய நெபுலைசர் மெஷின் 1,850. இரண்டு ஆஸ்பத்திரியும் சேர்த்து 23,700. நான் லீவு போட்ட நாள் 31, நாளைக்கு 420 வீதம் 13,020. மொத்தம் 49,270. பக்கத்திலேயே சிகரெட் கணக்கு: ஆறு சிகரெட், ஒன்று 18 ரூபாய், மாதம் 3,240, வருடத்துக்கு 38,880. மாமாவின் பீடி தனி. நோட்டை அவரிடம் காட்டவில்லை, காட்டினால் மறுபடி சண்டைதான் வரும். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், அவரே எடுத்துப் பார்த்தார். இந்த 49,270இல் பாதிக்கு மேல் செலவே செய்திருக்க வேண்டாம். நெபுலைசரும் இன்ஹேலரும் பின்னால் அரசு ஆஸ்பத்திரியில் எனக்குக் காசில்லாமல் கிடைத்தன. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு அரை நாள் சம்பளம் போகும், அவ்வளவுதான்.

புகையை வெளியே அனுப்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. பாப்பாவுக்கு ஆஸ்துமா இருக்கிறது. தினமும் மாஸ்க் வைத்த குழாயில் இன்ஹேலர் கொடுக்கிறேன். அது பழக்கமாகிவிடாது, மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் சிரப்பைவிடக் கொஞ்சம் மருந்தே போதும் என்று இப்போது எனக்குத் தெரியும். மாறியது என்னவென்றால், மாதத்துக்கு இரண்டு தரம் இழுத்தது இப்போது மழைக்காலத்தில் ஒன்றிரண்டு தரம் வருகிறது. அட்மிட் ஆகவில்லை. பையனுக்கு இந்த வருடம் காதில் சீழ் வரவில்லை. உங்கள் பிள்ளைக்கு விலா குழிந்தாலோ, பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். இருமல் திடீரென்று நின்றுபோனால் அது நல்லதுக்குத்தான் என்று எல்லா நேரமும் நம்பக் கூடாது. வேனில் நான் ஏமாந்தது அதில்தான்.

2016-17இல் அரசு எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 38.7 பேர் வீட்டுக்குள் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று வந்திருக்கிறது. அதற்கு முந்தைய 2009-10 கணக்கில் அது 52.3. அப்படியென்றால் நடுவில் எத்தனையோ வீடுகளில் யாரோ நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் எனக்குத் தெரிந்தவர்களாக இல்லாமல் போனதுதான் என் கெட்ட நேரம்.

போன மாதம் எங்கள் காம்பவுண்டில் ஐந்தாம் வீட்டுக்கு ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறது. ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், கைக்குழந்தை இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ராத்திரி அந்தச் சுவர் வழியே இருமல் கேட்கிறது, ஜன்னல் வழியே சிகரெட் வாசமும் வருகிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும், எனக்கு ஹிந்தி அதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போய் வேப்பமரத்தடி நாற்காலியைக் காட்டலாம் என்றிருக்கிறேன். மாமாவிடம் கேட்டேன், பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொள்ளச் சொல் என்றார்.